ஊமை எழுத்துக்கும் காரணம் உண்டா? ஆங்கிலம் எழுதும் முறை பற்றி

பறளியாறு (திருவட்டாறு) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கடனுக்கு ஆங்கிலத்தில் டெட் என்கிறோம். எழுதும்போது நடுவில் பஸ்ஸுக்குப் போடும் பி ஒன்றையும் சேர்த்து எழுதணும். வாயில் வராத எழுத்தைக் கையால் எதுக்காக்கும் எழுதணும் என்று வகுப்பில் கேட்டிருக்கிறாள். அது அப்படித்தான், எழுதிப் பார்த்து மனப்பாடம் பண்ணு என்று பதில் வந்திருக்கிறது.

நல்ல கேள்வி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம் இருந்தால் சொல்லிக்கொடுக்கணும், இல்லையென்றால் இல்லை என்றாவது சொல்லணும். ஐலண்டில் எஸ், நைஃபில் கே, நைட்டில் ஜி-எச், ஆவியைக் குறிக்கும் கோஸ்டில் எச் என்று அவள் பட்டியல் நீளுகிறது. இங்கே வாத்தியார்மார் இருக்கிறீர்கள், மொழி படித்தவர்களும் இருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். அம்மாவும் கூட இருந்து வாசிப்பார். அதனால் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்திலேயே போட்டால் உபகாரம்.

வேளிமலை (தக்கலை) எழுதியது:

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளை கேட்டதற்குப் பதில் இருக்கிறது அம்மா. டெட்டில் அந்த பி தானாக வரவில்லை. ஆட்கள் வேண்டுமென்றே நுழைத்தது.

பிரெஞ்சிலிருந்து இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது பி கிடையாது. பி இல்லாமல்தான் சொன்னார்கள், அப்படியேதான் எழுதினார்கள். பிறகு 15, 16ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் படித்த பண்டிதர்கள், இதற்கு மூலம் லத்தீனில் 'டெபிட்டும்', அங்கே பி இருக்கிறது, ஆகவே இங்கேயும் தெரியட்டும் என்று சேர்த்தார்கள். எழுத்து மாறியது, வாய் மாறவில்லை. டவுட் என்ற சொல்லின் பியும் இப்படி வந்ததுதான். ரிசீட்டில் பேனாவுக்கு வரும் பி ஒன்று சத்தமில்லாமல் இருக்கிறதே, அதுவும் அதே வேலை. ஆனால் ரிசீட்டோடு ஒரே வேரில் பிறந்த டிசீட், கன்சீட் இரண்டுக்கும் அந்த பி கிடைக்கவில்லை. பண்டிதர்கள் கை அங்கே எட்டவில்லை.

ஐலண்டில் இன்னும் மோசம். பழைய ஆங்கிலத்தில் அது தன் சொந்தச் சொல், எஸ் கிடையாது. தீவுக்கே ஐல் என்று இன்னொரு சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. அது லத்தீன் 'இன்சுலா'வின் வாரிசு, அதில் எஸ்ஸுக்கு உரிமை உண்டு. இரண்டும் ஒரே குடும்பம் என்று நினைத்து ஐலண்டுக்கும் எஸ்ஸைப் போட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் உறவே இல்லை. டெட்டின் பிக்காவது லத்தீனில் ஒரு பாட்டன் உண்டு.

கோட்டாறு சந்தை எழுதியது:

சார் சொல்லுவது வாசிக்க நல்லாயிருக்கு. ஆனால் எனக்கு வெளங்குவது ஒன்றுதான். யாரோ பண்டிதர் செய்த வேலைக்கு திருவட்டாற்றுப் பிள்ளை மனப்பாடம் பண்ண வேண்டியிருக்கு. தமிழில் இந்தத் தொல்லை உண்டா? எழுதியதை வாசிக்கலாம், சொல்லுவதை எழுதலாம். ஒரு பிள்ளைக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் பேப்பரை எடுத்து வாசித்துவிடும். ஆங்கிலத்தில் ஓ-யூ-ஜி-எச் நாலு எழுத்தை வைத்துக்கொண்டு த்ரூ, தோ, காஃப், ரஃப், பவ், தாட் என்று ஆறு விதமாக வாசிக்கச் சொல்லுகிறான். இதற்கு விதி என்று ஒன்று உண்டா? இல்லாததை இருப்பதாகச் சொல்லிப் பிள்ளையளைக் குழப்ப வேண்டாம்.

தோவாளைப் பிச்சி எழுதியது:

அண்ணாச்சி, மொழியியல் முதுகலை படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் சொல்லுவதை அப்படியே எழுதுகிறோமா? 'ஐந்து' என்று எழுதுகிறோம், அஞ்சு என்கிறோம். 'ஒன்று' என்று எழுதுகிறோம், ஒண்ணு என்கிறோம். 'காற்று' எழுதிவிட்டு காத்து என்கிறோம். ந, ன இரண்டுக்கும் இன்று நம் வாயில் வேறுபாடு கிடையாது. எங்கே எது என்று பிள்ளைகள் மனப்பாடம்தான் பண்ணுகிறார்கள். க என்ற ஒரே எழுத்தை 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் மூன்று விதமாக வாசிக்கிறோம்.

ஆய்தம் இன்னும் நல்ல உதாரணம். 'அஃது', 'எஃகு' என்று எழுதுகிறோம். தொல்காப்பியம் அதைச் சார்பெழுத்துகளில் ஒன்றாக வைத்தது. அன்றைய ஒலி இன்று யார் வாயிலும் இல்லை, பலரும் அக்து, எக்கு என்று வாசித்துப் போகிறோம். எழுத்து மட்டும் நிற்கிறது.

நைட்டில் வரும் ஜி-எச் கிட்டத்தட்ட அந்த ஆய்தத்தின் கதைதான். இரவைக் குறிக்கும் நைட்டில் ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து காறி வரும் ஓர் ஒலி இருந்தது. ஜெர்மன்காரர் இன்றும் 'நாக்ட்' என்று அந்த ஒலியோடு சொல்லுகிறார். ஆங்கிலத்தில் சில சொற்களில் அது அப்படியே மறைந்தது: நைட், த்ரூ, தாட். சிலவற்றில் உதட்டுக்கு வந்து ஃப் ஆனது: காஃப், ரஃப். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு வேறாக நடந்த மாற்றம், கடைசியில் ஒரே பொதுமொழியில் எல்லாம் கலந்து நின்றுவிட்டது. அண்ணாச்சி சொன்ன ஆறு வாசிப்பும் வந்த வழி இது. விதி இல்லை என்பது சரி, காரணம் இல்லை என்பது சரியில்லை.

நைஃபின் கேயும் முன்பு வாயில் இருந்தது. க்னைஃப், க்னீ என்ற மாதிரி சொன்னார்கள். முழங்காலுக்கு ஜெர்மனில் இன்னும் 'க்னீ' என்றுதான். ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்த க் உதிர ஆரம்பித்தது. அதற்குள் அச்சு வந்துவிட்டதால் எழுத்து உதிரவில்லை.

பறளியாறு எழுதியது:

அப்போ கோஸ்டில் எச்? அதுவும் ஜெர்மனா?

தோவாளைப் பிச்சி எழுதியது:

இல்லை அக்கா, அது அச்சகத்தில் வந்தது. இங்கிலாந்தில் முதல் அச்சகத்தை வில்லியம் கேக்ஸ்டன் 1476ல் வெஸ்ட்மின்ஸ்டரில் வைத்தார். அதற்கு முன்னால் அவர் அச்சகம் நடத்தியது ப்ரூஜ் நகரில், இன்றைய பெல்ஜியம் பக்கம். கூட வேலை பார்த்த ஆட்களும் அந்தப் பக்கத்து ஆட்கள். அவர்களுடைய ஃப்ளெமிஷ் மொழியில் ஆவிக்கு எழுதும் சொல்லில் ஜிக்குப் பின்னால் எச் உண்டு. கைப்பழக்கத்தில் ஆங்கிலத்துக்கும் அதையே கோத்துவிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் 'காஸ்ட்', எச் இல்லை.

கேக்ஸ்டன் 1490ல் ஒரு முன்னுரையில் எழுதிய சம்பவம் உங்கள் மகளுக்குப் பிடிக்கும். தேம்ஸ் ஆற்றில் கப்பல் ஏற வந்த வியாபாரிகள் காற்றில்லாமல் கென்ட் கரையில் தங்குகிறார்கள். ஒருவர் ஒரு வீட்டில் போய் 'எக்ஸ்' வேண்டும் என்று முட்டை கேட்கிறார். வீட்டுக்காரி எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறாள். இவருக்குக் கோபம், இவருக்கும் பிரெஞ்சு தெரியாதே. பிறகு இன்னொருவர் வந்து 'ஐரன்' வேண்டும் என்று சொன்னதும்தான் அவளுக்குப் புரிகிறது. ஐரன் அந்த ஊர்ப் பழைய சொல், எக் வடக்கே ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளோடு வந்தது. சென்னையில் போய் மரச்சீனிக் கிழங்கு இருக்கா என்று கேட்டால் கடைக்காரர் முழிப்பதும், மரவள்ளி என்றதும் எடுத்துத் தருவதும் இதேதான். இப்படிக் கிடந்த மொழியில் எதை அச்சில் போடுவது என்று முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் அந்த ஆள் இருந்தார். லண்டன் பக்கத்து வழக்கு நின்றது.

அவர் அச்சடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் நெடில் உயிரொலிகள் எல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தன. சுமார் 1400லிருந்து 1700 வரை நடந்த மாற்றம். நேம் என்பது முன்பு 'நாம', ஹவுஸ் என்பது 'ஹூஸ்', டைம் 'டீம', ஃபீட் 'ஃபேட்', ஃபூட் 'ஃபோட்'. நம்ம ஊர்ப் பிள்ளையிடம் ஏ-ஐ-ஓ எழுத்துகளை முதல்முறை காட்டி என்ன ஒலி என்று கேட்டால் ஆ, ஈ, ஓ என்று சொன்னால்கூட அது தப்பில்லை. இத்தாலிக்காரரும் ஜெர்மன்காரரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள். மாறிப்போனது ஆங்கிலத்தின் வாய். எலிக்கு மவுஸ் என்கிறோமே, அது 'மூஸ்' ஆக இருந்தது. சமஸ்கிருத மூஷிகத்துக்கும் அதற்கும் ஒரே வேர். ஒலி நகர்ந்துகொண்டிருந்தபோது எழுத்தை அச்சு பிடித்து நிறுத்திவிட்டது. என்னைக் கேட்டால் ஆங்கில எழுத்துமுறையின் தொல்லைகளில் பெரும்பாதிக்கு இது ஒன்றே காரணம்.

கோட்டாறு சந்தை எழுதியது:

ஆய்தம் சொன்னது யோசிக்க வைக்குது. ஒத்துக்கிடுதேன். ஆனால் நம்மவர்கள் எழுத்தைத் திருத்தவும் செய்திருக்கிறார்கள். வீரமாமுனிவர் ஏ, ஓ எழுத்துகளைப் பிரித்துக் கொடுத்தார். 1978ல் அரசு ணை, லை, றா இவற்றைச் சீர்திருத்தியது. ஆங்கிலேயன் ஏன் திருத்திக்கொள்ளவில்லை?

வேளிமலை எழுதியது:

முயன்றார்கள். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1806லும் 1828லும் அகராதி போட்டார். கலரில் யூவை எடுத்தார், சென்டரில் கடைசி இரண்டு எழுத்துகளை முன்பின் மாற்றினார், அதெல்லாம் அங்கே நிலைத்தது. நாக்கைக் குறிக்கும் டங், பெண்களைக் குறிக்கும் விமின் இரண்டையும் ஒலிப்படி எழுதலாம் என்றார், யாரும் ஏற்கவில்லை. ஆங்கிலத்துக்கு ஓர் அரசு, ஓர் ஆணை என்று இல்லை. எந்த நாட்டு உச்சரிப்பை வைத்துத் திருத்துவது என்ற கேள்வியும் உண்டு. ஒலிப்படி எழுத ஆரம்பித்தால் ஸ்காட்லாந்துக்காரன் எழுதுவதை டெக்சாஸ்காரன் வாசிக்க முடியாது. இப்போது எல்லாரும் ஒரே மாதிரி எழுதிவிட்டு அவரவர் வாயில் வாசிக்கிறார்கள். அது பெரிய வசதி என்றே நினைக்கிறேன்.

வீரமாமுனிவரைச் சொன்னீர்கள். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் எழுதுபவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலக் கிடந்தன. எழுதுகருவி எழுத்தை மாற்றியது. ஆங்கிலத்திலும் அப்படி ஒன்று உண்டு. மகனுக்கு சன், அன்புக்கு லவ், வருவதற்கு கம், துறவிக்கு மங்க். எல்லாவற்றிலும் ஒலி அ மாதிரி, எழுத்து ஓ. பழைய ஆங்கிலத்தில் இவை எல்லாம் யூ எழுத்தில் இருந்தவை. கைப்பிரதியில் யூ, என், எம், வி எல்லாமே குட்டையான நேர்கோடுகள்தான். அடுத்தடுத்து வந்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாது. வாசிக்கிறவன் கண் தடுமாறக் கூடாது என்று யூவுக்குப் பதில் ஓ போட்டார்கள் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

முட்டம் கலங்கரை எழுதியது:

நான் கப்பல்ல வேலை பாக்கேன். வாசிச்சிட்டே வந்தேன், எனக்க பங்குக்கு ஒண்ணு.

கேட்டமரான் நம்ம கட்டுமரம்தான்னு எல்லாருக்கும் தெரியும். வில்லியம் டாம்பியர்னு ஒரு மாலுமி 1697ல வந்த தன்னோட பயண நூல்ல இதை எழுதிட்டாரு. ஆனா இப்போ துறைமுகத்துல கேட்டமரான்னு சொல்லுறது ரெண்டு உடலை நடுவில சேத்துக் கட்டின வேகப்படகை. எங்க அப்பா போன மரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. நம்ம மரம் ரெண்டு மூணு தடியைச் சேத்து வரிஞ்சு கட்டுறது, கரையேறினா அவுத்துக் காயப்போடுறது. பேரு நம்ம பேரு, பொருளு வேற. கூட வேலை பாக்குற பிலிப்பினோ பையன்கிட்ட இதைச் சொன்னா நம்ப மாட்டேங்கான்.

குலசேகரம் தோட்டம் எழுதியது:

மக்கா, நம்ம பக்கத்திலிருந்து போனது அது மட்டுமில்லை. கயிறுதான் காயர். கொப்பரைதான் காப்ரா, போர்த்துக்கீசியர் மலையாளக் கரையிலிருந்து கொண்டுபோனது. பலாப்பழத்துக்கு நாம சக்கை என்கிறோம், மலையாளத்தில் சக்க. போர்த்துக்கீசியர் வாயில் அது 'ஜாக்கா' ஆனது, ஆங்கிலத்தில் ஜாக்ஃப்ரூட். ஜாக் என்று ஒரு ஆள் கிடையாது.

நமக்கு வந்து சேர்ந்த ஒன்றையும் சொல்லணும். ரப்பர். பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்கிறது என்பதால் தேய்ப்பான் என்று வைத்த பேர். ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி 1770ல் அந்த அழிக்கும் குணத்தை எழுதி வைத்தார். நாங்க விடியக்காலம் பால் வெட்டி, ஷீட் அடித்து, புகைபோட்டு விக்கிற சரக்குக்கு ஒரு பென்சில் தேய்ப்பின் பேர்தான் நிலைத்திருக்கு.

மணவாளக்குறிச்சி மணலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோனசைட் என்பது அந்த மணலில் கிடைக்கிற கனிமத்துக்கு, கிரேக்கத்தில் தனித்திருப்பது என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து 1829ல் ஜெர்மானியர் பிரைதாப்ட் வைத்த பேர். நம்ம கரையில் அது இருப்பது 1909ல் ஷோம்பர்க் என்பவருக்குத் தெரியவந்ததே திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான்.

மயிலாடி உளி எழுதியது:

நான் கேட்க நினைத்தது இலக்கணம். ரிங்கல்தௌபே பாதிரியார் 1806ல் எங்க ஊருக்கு வந்தார். அவருக்குப் பிறகு வந்த லண்டன் மிஷன்காரர்கள் காலத்துப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. எங்க வீட்டில் தாத்தா வைத்திருந்த பழைய இங்கிலீஷ் வேதாகமம் இருக்கு. அதில் ஆண்டவரை 'தவ்', 'தீ', 'தை' என்று சொல்லுகிறார்கள். இப்போது பள்ளிக்கூடத்தில் யூ மட்டும்தான். நம்ம தமிழ் ஜெபத்தில் 'உம்முடைய' என்று மரியாதையாக வருகிறது. அப்படியானால் தவ் என்பது நீர் என்ற மாதிரி மரியாதைச் சொல்லா? எங்க சபையில் ரொம்பப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

வேளிமலை எழுதியது:

இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். தவ் என்பது நீ. மரியாதை கிடையாது. ஒருவரைக் குறிக்கும் ஒருமை, அவ்வளவுதான். பலரைச் சொல்ல 'யீ'யும் 'யூ'வும் இருந்தன, யீ எழுவாயாக வரும், யூ செயப்படுபொருளாக வரும். பிறகு பிரெஞ்சு மேட்டுக்குடிப் பழக்கத்தைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவராக இருந்தாலும் பன்மையில் யூ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வேலைக்காரன், பிள்ளை, நெருங்கிய கூட்டாளி இவர்களுக்குத் தவ்.

1611ல் ஜேம்ஸ் மன்னர் பெயரால் வந்த வேதாகமத்தில் ஆண்டவருக்கும் தவ், சாத்தானுக்கும் தவ். எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை பன்மை பிரிந்து இருப்பதால் மொழிபெயர்த்தவர்கள் அதைக் காப்பாற்றினார்கள். தமிழில் மொழிபெயர்த்தவர்களுக்கு நீ, நீர் இரண்டும் கையில் இருந்தது, ஆண்டவருக்கு நீர் போட்டார்கள். பின்னால் ஊர்வழக்கில் தவ் செத்துப்போய் ஜெபத்தில் மட்டும் நின்றதால் அதற்கு ஒரு பரிசுத்த வாசனை ஏறிவிட்டது. உங்கள் சபையில் மட்டும் இல்லை, இங்கிலாந்திலேயே பலர் அப்படி நினைக்கிறார்கள்.

17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் நீதிபதியானாலும் பிரபுவானாலும் தவ் என்றே கூப்பிடுவோம் என்று பிடிவாதமாக நின்று அடியும் சிறையும் வாங்கினார்கள். கடவுள் முன் எல்லாரும் ஒன்று, அதனால் எல்லாருக்கும் நீ. ஆனால் ஊர் எதிர்த்திசையில் போனது, எல்லாருக்கும் நீங்கள் என்று ஆக்கிவிட்டது. இன்று ஆங்கிலேயன் தன் நாயைக்கூட இலக்கணப்படி நீங்கள் என்றுதான் கூப்பிடுகிறான். ஒருவரைச் சொன்னாலும் யூ-வுக்கு 'ஈஸ்' வராமல் 'ஆர்' வருவது இதனால்தான். பன்மைப் பயனிலை ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஒருவரைச் சொல்ல 'யூ வாஸ்' என்று பலர் பேசவும் எழுதவும் செய்தார்கள். 1762ல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் அதைத் தப்பு என்று கண்டித்தார்.

தோவாளைப் பிச்சி எழுதியது:

சார், தமிழும் இதே பாதையில் போயிருக்கிறது. அதை யாரும் வகுப்பில் சொல்லுவதில்லை. 'அவர்' என்பது பழந்தமிழில் பன்மை. ஒருவரை மரியாதையாகச் சொல்ல அதை எடுத்தோம். உடனே பலரைச் சொல்லச் சொல் இல்லாமல் போனது, 'கள்' சேர்த்து 'அவர்கள்' ஆக்கினோம். பன்மை மேல் பன்மை. பிறகு அந்த அவர்களையும் 'கலெக்டர் அவர்கள்' என்று ஒருவருக்கே கொடுத்துவிட்டோம். நீங்கள் என்பதும் அப்படித்தான்.

ஆங்கிலத்தில் சில்ட்ரன் என்ற சொல்லும் பன்மை மேல் பன்மைதான். 'சில்டர்' என்பதே பழைய பன்மை. அது பன்மை என்று காது மறந்த பிறகு காளைகளைக் குறிக்கும் ஆக்ஸன் போல ஓர் 'என்' சேர்த்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது அவர்களையும் பக்கத்தில் எழுதிப்போட்டால் பிள்ளைகள் ஒரு நாளும் மறக்காது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் பன்மைக்குத் தனிச் சொல் இல்லாமல் போன குறையை ஊர்மக்கள் தாங்களே நிரப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்கத் தெற்கில் 'யால்', அயர்லாந்தில் 'யூஸ்'. இலக்கணப் புத்தகம் ஏற்காவிட்டாலும் தேவை இருக்கிறது.

மயிலாடி உளி எழுதியது:

ரொம்ப நன்றி சார், தங்கச்சிக்கும் நன்றி. எங்க பக்கத்தில் இன்னும் பெரியவர்கள் தங்களுக்குள் 'நீரு வாரும், இரியும்' என்பார்கள். நீ, நீரு, நீங்க மூன்றும் எங்களுக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தால் பாவமாகத்தான் இருக்கு.

இரணியல் நைட் டூட்டி எழுதியது:

எல்லாரும் கோவிச்சுக்கிடாதீங்க. நான் நர்ஸ். வெளிநாடு போக ஓஇடிங்கிற இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கேன். டூட்டி முடிஞ்சு வந்து உக்காந்து எழுத்துக்கூட்டல் படிக்கணும். இந்த வரலாறெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு என்ன பிரயோஜனம்? நிமோனியாவுக்கு முன்னால பேனாவுக்க பி வருதுன்னு மனப்பாடம் பண்ணினாப் போதும்ல? ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கும் அதுதான் நல்லது. டயரியா ஒண்ணை மட்டும் நான் இதுவரைக்கும் சந்தேகமில்லாம எழுதினது கிடையாது.

கோட்டாறு சந்தை எழுதியது:

நான் சொல்ல வந்ததைத்தான் இந்தப் பிள்ளை சொல்லுது.

வேளிமலை எழுதியது:

பிரயோஜனம் இருக்கிறது மகளே. மனப்பாடத்தின் பாரத்தைக் குறைக்கத்தான் காரணம் தேடுகிறோம். ஊமை எழுத்து ஒன்று வந்தால் அந்தச் சொல்லின் சொந்தக்காரர்களைத் தேடிப் பாருங்கள், பல நேரம் அங்கே அந்த எழுத்து வாய் திறக்கும். டெட்டில் பேசாத பி டெபிட்டில் பேசும். சைனில் பேசாத ஜி சிக்னலில் பேசும். குண்டைக் குறிக்கும் பாமில் பேசாத பி பம்பார்டில் பேசும். இலையுதிர்காலத்தைக் குறிக்கும் ஆட்டமில் கடைசி என் பேசாது, ஆட்டம்னல் என்றால் பேசும். உங்கள் வேலைக்கு: மசிலில் சி பேசாது, மஸ்குலரில் க் என்று பேசும். டயஃப்ரமில் ஜி பேசாது, டயஃப்ரக்மாட்டிக்கில் பேசும். ஒன்று தெரிந்தால் மற்றதை எழுதிவிடலாம்.

எல்லாச் சொல்லுக்கும் இது நடக்காது. ஐலண்டுக்கு நடக்காது, நைஃபுக்கும் நடக்காது. லத்தீன், கிரேக்கம் வழி வந்தவற்றில் நடக்கும், மருத்துவச் சொற்களில் பெரும்பாலும் அவைதான்.

தோவாளைப் பிச்சி எழுதியது:

அக்கா, நிமோனியாவுக்கு நான் சொல்லுகிறேன். மூச்சுக்கு கிரேக்கத்தில் 'ப்னியூமா'. கிரேக்கர்கள் அந்த ப்-ஐயும் சொன்னார்கள். ஆங்கில வாயால் சொல்லின் முதலில் ப்ன், ப்ட், ப்ஸ் வராது, அதனால் ப் ஊமையானது. ஆனால் நடுவில் வந்தால் தாராளமாக வரும். மூச்சுத்திணறலுக்கு நீங்கள் தினமும் சார்ட்டில் எழுதும் டிஸ்ப்னியா, மூச்சு நிற்பதற்கு ஆப்னியா. இரண்டிலும் ப் கேட்கிறதல்லவா? அதே வேர்தான். கண் இமை தொங்குவதற்கு டோசிஸ், முன்னால் ஊமை பி. சிறுநீரகம் இறங்குவதற்கு நெஃப்ராப்டோசிஸ், அங்கே ப் பேசும். டிஸ்ப்னியாவை நினைத்துக்கொண்டால் நிமோனியாவில் பியை மறக்க முடியாது.

தமிழுக்கும் சொல்லின் முதலில் வராத எழுத்துகள் உண்டு. ரகரமும் லகரமும் முதலில் வராது என்று இராமன், உரோமம், இலாபம் என்று முன்னால் உயிர் சேர்த்தோம். நாம் எழுத்தைக் கூட்டினோம், ஆங்கிலேயர் எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை விட்டார்கள்.

இப்போது டயரியா. கிரேக்கத்தில் சொல் ர் ஒலியில் தொடங்கினால் அது மூச்சோடு வரும், லத்தீனில் அதை ஆர்-எச் என்று எழுதினார்கள். ரிதம், ரூமாட்டிசம், ரினைட்டிஸ் எல்லாம் அப்படித்தான். அந்தச் சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல் வந்து சேர்ந்து, அது உயிரில் முடிந்தால், ஆர் இரட்டிக்கும். நம்ம மருந்து, கடை சேர்ந்து மருந்துக்கடை ஆகும்போது க் மிகுகிறதே, அதே மாதிரிப் புணர்ச்சி. 'டயா' என்றால் ஊடாக, 'ரியா' என்றால் ஒழுகுதல், சேர்ந்ததும் ஆர்-ஆர்-எச். ஹெமரேஜும் இதுதான், ரத்தமும் பீறிடலும் சேர்ந்தது. மூக்கொழுகலுக்கு ரைனோரியா என்று எழுதுவீர்களே, அதை ஒரு தடவை எழுதிப் பாருங்கள். முதல் ர் சொல்லின் தொடக்கம், அதனால் ஒற்றை ஆர், பிறகு எச். இரண்டாவது நடுவில் சேர்ந்தது, அதனால் இரட்டை ஆர், பிறகு எச். இந்த ஒரு சொல்லுக்குள் விதி முழுவதும் இருக்கிறது.

இரணியல் நைட் டூட்டி எழுதியது:

ரைனோரியாவை எழுதிப் பாத்தேன். கொள்ளாம். கோனோரியா, கட்டார் எல்லாத்துலயும் அதேதான் வருது! இதை கோச்சிங்ல ஒருத்தரும் சொல்லல்ல. வரலாறு வேண்டாம்னு சொன்னது இனி சொல்ல மாட்டேன். தங்கச்சி, இன்னும் ஒண்ணு. வலிக்கு ஏக். ஹெட்ஏக், ஸ்டொமக்ஏக். சி-எச் போட்டுட்டு க்-ன்னு வாசிக்கோம். இதுவும் கிரேக்கமா?

பறளியாறு எழுதியது:

பதில் வருமுன் ஒன்று சொல்லிக்கொள்ளுகிறேன். டெட்-டெபிட், சைன்-சிக்னல் ஜோடிகளை மகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்தோணி என்ற பெயரில் எச் எதுக்கு என்று இப்போது கேட்கிறாள், அவள் தாய்மாமா பெயர்.

வேளிமலை எழுதியது:

அந்தோணிக்கு லத்தீனில் 'அந்தோனியுஸ்', எச் கிடையாது. கிரேக்கத்தில் பூவுக்கு 'அந்தோஸ்' என்று ஒரு சொல் உண்டு, பெயர் அதிலிருந்து வந்தது என்று தவறாக எண்ணி எச் சேர்த்தார்கள். இங்கிலாந்துக்காரர் பலர் இன்னும் ட் என்றே சொல்லுகிறார்கள். தேம்ஸ் ஆற்றுக்கும் இதே மாதிரி எச் கிடைத்தது, டெம்ஸ் என்றுதான் சொல்லுகிறார்கள். ஆனால் ஆத்தர், த்ரோன் இரண்டிலும் எழுத்தில் சேர்த்த எச்சைப் பார்த்துப் பார்த்து வாயே மாறிவிட்டது. நம்ம பக்கம் அந்தோணி என்று த வருவது ஆங்கிலத்தைப் பார்த்து வந்ததல்ல. அது போர்த்துக்கீசியர் வழி வந்த பெயர், அவர்களுடைய ட் பல்லில் நாக்குப் படும் ஒலி, நம் காதுக்கு த தான்.

தோவாளைப் பிச்சி எழுதியது:

அக்கா, ஏக் கிரேக்கம் இல்லை, பழைய ஆங்கிலமேதான். முன்பு வினைச்சொல் க் ஒலியோடு 'ஏக்', கே போட்டு எழுதுவார்கள். பெயர்ச்சொல் 'ஏச்', சி-எச் போட்டு எழுதுவார்கள். ஸ்பீக் வினை, ஸ்பீச் பெயர் என்று இன்றும் இருக்கிறதே, அதே ஜோடி. சாமுவேல் ஜான்சன் 1755ல் அகராதி போட்டபோது இதற்கு மூலம் கிரேக்க 'ஆகோஸ்' என்று நினைத்து சி-எச்சைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒலி வினையிலிருந்தும் எழுத்து பெயரிலிருந்தும் நின்றது.

உண்மையான கிரேக்கச் சொல்லில் சி-எச் வந்தால் க் என்றே வாசியுங்கள். ட்ரக்கியா, ப்ராங்கைட்டிஸ், கிரானிக், காலரா எல்லாம் அப்படி. ஸ்டொமக்கும் அந்தக் கூட்டம். ஆக ஸ்டொமக்ஏக்கில் இரண்டு சி-எச் இருக்கிறது: முதலாவது கிரேக்கத்திலிருந்து வந்தது, இரண்டாவது ஜான்சன் கிரேக்கம் என்று நினைத்தது.